இரத்த அணுக்கள் மீது மருந்தின் பக்கவிளைவைக் கணிக்கும் மாதிரிகள்: நிலைத்தன்மையைச் சோதிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் பல மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை என்பதால், எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் முன்னோடிச் செல்களையும் சேர்த்தே தாக்குகின்றன. அந்தச் சேதம் இரத்தத்தில் உடனே தெரிவதில்லை. மருந்து உடலை விட்டு நீங்கிப் பல நாள்கள் கழிந்த பிறகே, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடுகிறது. லிட்டருக்கு 0.5 × 10⁹ என்ற அளவுக்குக் கீழே அது இறங்கினால் நான்காம் தர நியூட்ரோபீனியா (நியூட்ரோஃபில் பற்றாக்குறை) என்கிறார்கள். அந்த நிலையில் எளிய தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அடிமட்டம் எந்த நாளில் வரும், எவ்வளவு ஆழமாக இருக்கும், அடுத்த தவணைக்குள் எண்ணிக்கை மீளுமா என்பவற்றை முன்கூட்டியே சொல்வதற்காகத்தான் இந்தக் கணித மாதிரிகள் கட்டப்படுகின்றன.

இத்துறைக்குள் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் தரவைக் கையில் எடுத்து, மென்பொருளில் மாதிரியைப் பொருத்துவதிலிருந்தே தொடங்குகிறார்கள். வரைபடம் தாறுமாறாக ஆடினாலோ, கணக்கீடு பாதியில் நின்றாலோ, “மாதிரி நிலையற்றது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆட்டம் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வரக்கூடும்: சமன்பாட்டின் சமநிலையே நிலையற்றதாக இருக்கலாம், சமன்பாடு நன்றாக இருந்தும் அதைக் கணினியில் படிப்படியாகத் தீர்க்கும் எண்முறை தடுமாறலாம், இரண்டும் சரியாக இருந்தும் தரவிலிருந்து அளபுருக்களை (மாதிரியில் வரும் மாறிலிகளின் மதிப்புகளை) உறுதியாகப் பிரித்தெடுக்க முடியாமல் போகலாம். மூன்றையும் சரிசெய்யும் வழி வேறு வேறு. எனவே இந்த வரிசையிலேயே, முதலில் தாளில், பிறகு கணினியில், கடைசியாகத் தரவோடு சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வரும் முறை. வகைநுண்கணிதமும் கலப்பெண்களும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: மாதிரியை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள்

இத்துறையில் மிகப் பரவலாகப் பயன்படுவது, 2002-இல் லீனா ஃப்ரைபெர்க்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அரை-இயங்குமுறை மாதிரி. டோசிடாக்செல், பாக்லிடாக்செல், எடோபோசைட் உள்ளிட்ட பல மருந்துகளுக்கு ஒரே அமைப்பைப் பொருத்த முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அதில் ஐந்து பெட்டிகள் உள்ளன. முதல் பெட்டியில் பெருகும் செல்கள் இருக்கின்றன. அடுத்த மூன்றும் முதிர்ச்சியின் இடைநிலைகள். ஐந்தாவது பெட்டி இரத்தச் சுற்றோட்டத்தில் இருக்கும் செல்கள், அதாவது நாம் அளக்கும் எண்ணிக்கை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குச் செல்கள் நகரும் வேகமாறிலி எல்லா இடத்திலும் ஒன்றே. சராசரிக் கடப்பு நேரத்தால் (ஒரு செல் இந்த நிலைகளைக் கடக்க எடுக்கும் நேரத்தால்) 4-ஐ வகுத்தால் அது கிடைக்கும்.

முதல் பெட்டியின் சமன்பாட்டில்தான் மாதிரியின் உயிர் இருக்கிறது:

பெருகும் செல்கள் மாறும் வேகம் = வேகமாறிலி × பெருகும் செல்கள் × [(1 − மருந்துவிளைவு) × பின்னூட்டம் − 1]

பின்னூட்டம் = (அடித்தள அளவு ÷ சுற்றோட்ட அளவு) என்ற விகிதத்தின் காமா அடுக்கு

மருந்துவிளைவு என்பது பெருக்கத்தை மருந்து குறைக்கும் பங்கு; அடித்தள அளவு என்பது மருந்துக்கு முன்பு இருந்த எண்ணிக்கை. இரத்தத்தில் செல்கள் குறையும்போது விகிதம் 1-ஐத் தாண்டுகிறது. மஜ்ஜை கூடுதல் வேகத்தில் உற்பத்தி செய்கிறது. செல்கள் அடித்தள அளவுக்கு மேல் போனால் உற்பத்தி தளர்கிறது. அந்த எதிர்வினை எவ்வளவு வலுவானது என்பதைக் காமா சொல்கிறது. நியூட்ரோஃபில்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் காமா 0.16 முதல் 0.2 வரை; கடப்பு நேரம் ஏறத்தாழ 90 முதல் 140 மணி வரை. கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் காமா 0.16 என்றும், கடப்பு நேரம் 125 மணி என்றும், ஆகவே வேகமாறிலி மணிக்கு 0.032 என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: சமநிலையையும் தொடக்க மதிப்புகளையும் ஒத்துப்பாருங்கள்

மருந்து இல்லாதபோது எல்லா வேகங்களும் பூச்சியமாக வேண்டும் என்று எழுதினால், ஐந்து பெட்டிகளும் அடித்தள அளவில் நிற்கின்றன என்று கிடைக்கும். இது எளிது. ஆனால் நியூட்ரோஃபில்கள் இரத்தத்தில் தங்கும் அரை ஆயுள் ஏறத்தாழ 7 மணி நேரம் என்பதால், சிலர் கடைசிப் பெட்டிக்கு மட்டும் தனி வெளியேற்ற மாறிலி வைப்பதுண்டு. அப்படிச் செய்தால் மற்ற நான்கு பெட்டிகளின் சமநிலை, அடித்தள அளவை வெளியேற்ற மாறிலியால் பெருக்கி நகர்வு மாறிலியால் வகுத்த மதிப்பாக மாறிவிடும். தொடக்க மதிப்பை மாற்ற மறந்தால், மருந்தே கொடுக்காத நோயாளியின் எண்ணிக்கை முதல் நாளிலிருந்தே சரியத் தொடங்கும். அதைப் பார்ப்பவர் மாதிரியே நிலையற்றது என்று தவறாக முடிவு செய்துவிடுவார். ஆகவே மருந்தின் அளவைப் பூச்சியமாக வைத்து 100 நாள்களுக்கு ஓட்டிப்பாருங்கள். கோடு கிடையாக, அசையாமல் இருக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாம் படி: நேரியலாக்கி, எல்லையைக் கையால் கண்டுபிடியுங்கள்

சமநிலையைச் சற்றே அசைத்தால் அது திரும்பி வருமா என்பதே நிலைத்தன்மையின் முதல் பொருள். காலத்தை வேகமாறிலியால் பெருக்கி அலகற்றதாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியின் அளவையும் அதன் சமநிலை மதிப்பால் வகுத்து, அதிலிருந்து வரும் சிறு விலகலை மட்டும் பாருங்கள். முதல் பெட்டியின் விலகல் மாறும் வேகம், சுற்றோட்ட விலகலைக் காமாவால் பெருக்கி எதிர்க்குறி இட்ட மதிப்பாகிறது. அடுத்த நான்கு பெட்டிகளும் முந்தையதைப் பின்தொடர்கின்றன. விலகல்கள் அனைத்தும் லாம்டா என்ற விகிதத்தில் அடுக்குக்குறியாக வளர்கின்றன அல்லது தேய்கின்றன என்று பிரதியிட்டால், ஐந்து சமன்பாடுகளும் சுருங்கி, சிறப்பியல்புச் சமன்பாடு எனப்படும் ஒரே வரியாகின்றன:

லாம்டா × (1 + லாம்டா)⁴ + காமா = 0

இந்த ஒரு வரியில் கடப்பு நேரமும் இல்லை, அடித்தள அளவும் இல்லை. நிலைத்தன்மையைத் தீர்மானிப்பது காமா மட்டுமே. கடப்பு நேரம் அலைவின் கால அளவை நீட்டவும் குறுக்கவும் செய்யுமே தவிர, அலைவு தேயுமா வளருமா என்பதில் அதற்குப் பங்கில்லை. புதியவர்கள் இதை ஒருமுறை தாங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன், ஏனென்றால் அளபுருக்களில் எதைக் கண்காணிக்க வேண்டும் என்பது இங்கேதான் தெளிவாகிறது.

இப்போது எல்லைகளைக் காண்போம். லாம்டாவின் மெய்ப்பகுதி எதிர்க்குறியாக இருக்கும்வரை விலகல் தேயும். அது பூச்சியத்தைத் தொடும் இடத்தில் லாம்டா முழுக் கற்பனை எண்ணாகிறது. அப்போது லாம்டாவின் கோணம் 90 பாகை. நான்காம் அடுக்கின் கோணமும் அதனோடு சேர்ந்து 180 பாகை ஆக வேண்டும். ஆகவே (1 + லாம்டா) என்பதன் கோணம் 22.5 பாகை. அதன் டேன்ஜென்ட் 0.4142. எண்ணளவைக் கணக்கிட்டால் காமாவின் எல்லை 0.4142 × (1 + 0.1716)², அதாவது 0.5685. காமா இதைத் தாண்டினால் சமநிலை நிலையற்றதாகி, மருந்தே இல்லாமல் எண்ணிக்கை ஓயாமல் ஏறி இறங்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. மெய்யெண் தீர்வுகள் இரண்டு ஒன்றாகிப் பிறகு கலப்பெண்களாகப் பிரியும் இடம் லாம்டா −0.2, அங்கே காமாவின் மதிப்பு 0.2 × 0.8⁴, அதாவது ஏறத்தாழ 0.082. அதற்குக் கீழே எண்ணிக்கை அலைவின்றி மெதுவாக அடித்தளத்துக்குத் திரும்பும். 0.082-க்கும் 0.5685-க்கும் இடையில், தேயும் அலைவாகத் திரும்பும். மீட்சியின்போது எண்ணிக்கை சிறிது காலம் அடித்தள அளவைத் தாண்டி மேலே போவது இதனால்தான். நம் எடுத்துக்காட்டில் முதன்மைத் தீர்வு ஏறத்தாழ −0.14 ± 0.22 × கற்பனை அலகு. இதை மணிக்கணக்குக்கு மாற்றினால் அலைவின் காலம் சுமார் 37 நாள். அரை அலைக்குள் விலகல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே ஒரு சிறிய மேல்தாவல் தெரியும், இரண்டாவது சரிவு கண்ணுக்கே தெரியாது. உங்கள் மாதிரி பெரிய இரண்டாவது சரிவைக் காட்டினால், காமாவின் மதிப்பை முதலில் பாருங்கள்.

பெட்டிகளின் எண்ணிக்கையை மாற்றுபவர்கள் எல்லையும் நகர்வதை மறந்துவிடக்கூடாது. இடைநிலைப் பெட்டிகள் மூன்றுக்குப் பதில் ஐந்து என்றால் எல்லை 0.33-க்கு இறங்கிவிடும், இரண்டு என்றால் 0.89-க்கு ஏறும். பெட்டிகள் கூடக்கூடத் தாமதம் கூர்மையாவதால், அதே வலுவுள்ள பின்னூட்டம் எளிதில் அலைவைக் கிளப்புகிறது. கடைசிப் பெட்டிக்கு 7 மணி நேர அரை ஆயுளைக் கொடுத்தால், நம் எடுத்துக்காட்டின் எல்லை 0.72 அளவுக்கு உயர்கிறது.

இந்த அலைவு வெறும் கணிதப் பிழையென்று ஒதுக்கவும் முடியாது. சுழல் நியூட்ரோபீனியா என்ற அரிய நோயில் எண்ணிக்கை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறுகிறது. தாமதமும் பின்னூட்டமும் சேர்ந்தால் இரத்த உற்பத்தியில் அலைவு பிறக்கும் என்பதை மைக்கேல் மேக்கியும் லியோன் கிளாஸும் 1977-லேயே எழுதினார்கள். நம் எடுத்துக்காட்டில் எல்லையருகே அலைவின் காலத்தைக் கணக்கிட்டால் சுமார் 20 நாள் வருகிறது. இந்த ஒற்றுமையை அந்த நோயின் விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்று வாரத் தவணைகளில் மருந்து கொடுக்கும்போது இது நேரடியாகப் பொருட்படும். காமா எல்லையை நெருங்க நெருங்க, மாதிரியின் இயல்பான அலைவும் 21 நாள் தவணையும் ஏறக்குறைய ஒத்த காலத்தில் துடித்து, ஒன்றையொன்று பெருக்கிவிடும்.

நான்காம் படி: மருந்து நீங்காமல் இருக்கும் நிலையைத் தனியே சோதியுங்கள்

நாள்தோறும் வாய்வழி எடுக்கும் மருந்துகளில் மருந்துவிளைவு ஏறக்குறைய மாறாமல் நிற்கும். அப்போது புதிய சமநிலை, அடித்தள அளவைப் போல (1 − மருந்துவிளைவு) என்பதன் (1 ÷ காமா) அடுக்கு மடங்கு. இந்தச் சமநிலையைச் சுற்றி மீண்டும் நேரியலாக்கினால் முன்பு கிடைத்த அதே சமன்பாடே கிடைக்கும்; அதாவது மருந்துவிளைவு 1-க்குக் கீழே இருக்கும்வரை நிலைத்தன்மை எல்லை மாறுவதில்லை.

ஆனால் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். காமா 0.16 என்றால் அடுக்கு 6.25. மருந்துவிளைவு 0.1 என்றால் எண்ணிக்கை அடித்தளத்தின் 52 விழுக்காட்டில் நிற்கும், 0.3 என்றால் 11 விழுக்காடு; 0.5 என்றால் 1.3 விழுக்காடு. (1 − மருந்துவிளைவு) என்பதில் 1 விழுக்காடு பிழை இருந்தால், கணித்த எண்ணிக்கையில் ஏறத்தாழ 6 விழுக்காடு பிழை வரும். சமநிலை முற்றிலும் நிலையானது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்ற கணிப்பு மிக எளிதில் ஆட்டம் காண்கிறது. ஒற்றைத் தவணை மருந்துக்கு நன்றாகப் பொருந்திய அளபுருக்களை எடுத்துத் தினசரி மருந்துக்கு நீட்டிக் கணிப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் கணிப்பு. காமாவைப் பத்து விழுக்காடு கூட்டியும் குறைத்தும் ஓட்டி, சமநிலை அளவு எவ்வளவு நகர்கிறது என்பதை முடிவுகளோடு சேர்த்து எழுதுங்கள்.

மருந்துவிளைவு 1-ஐத் தாண்டினால் நேர்க்குறிச் சமநிலையே கிடையாது. விளைவை மருந்துச் செறிவுக்கு நேர்விகிதமாக எழுதும் மாதிரிகளில், உச்சச் செறிவின்போது சில மணி நேரம் இப்படி ஆவது சாதாரணம். மருந்து வெளியேறியதும் மாதிரி மீண்டுவிடும். நீடித்த அதிகச் செறிவுக்குக் கணிப்பு தேவையென்றால், தெவிட்டும் வடிவத்துக்கு மாறி, உச்ச விளைவுக்கு வரம்பு வையுங்கள்.

ஐந்தாம் படி: எண்முறையின் தடுமாற்றத்தைப் பிரித்தறியுங்கள்

தாளில் எல்லாம் சரியாக வந்த பிறகும் கணினி “எண் அல்ல” என்று விடையளித்தால், குற்றம் பெரும்பாலும் பின்னூட்ட அடுக்கில் இருக்கும். உண்மையான தீர்வு ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை, ஏனென்றால் பெருகும் செல்களின் வேகம் அவற்றின் எண்ணிக்கைக்கே விகிதமாக உள்ளது. ஆனால் எண்முறை ஒரு பெரிய எட்டு (ஒரே தாவலில் கடக்கும் கால இடைவெளி) எடுத்து வைத்துச் சுற்றோட்ட அளவை மிகச் சிறிய எதிர்க்குறி எண்ணாக்கிவிட்டால், அதன் 0.16 அடுக்கு மெய்யெண்ணாக இருக்காது. கணக்கு அங்கேயே உடைந்துபோகும். இதற்கு ஒழுங்கான தீர்வு, ஒவ்வொரு பெட்டியின் மடக்கையையும் மாறியாக எடுத்துச் சமன்பாடுகளை மாற்றி எழுதுவது. சுற்றோட்ட அளவுக்குக் கீழ்வரம்பு போட்டு ஒட்டுவேலை செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அது தவறை மறைக்குமே தவிர நீக்காது.

அடுத்தது கால அளவுகளின் இடைவெளி. இரத்தச் செல்களின் பகுதி மட்டுமென்றால் மிக எளிய ஆய்லர் முறைகூட ஏறத்தாழ 40 மணி நேர எட்டுவரை உடையாமல் இருக்கும், துல்லியம் போதாதென்றாலும். ஆனால் மருந்து இரத்தத்திலிருந்து திசுக்களுக்குப் பரவுவது நிமிடங்களில் நடக்கிறது. செல்களின் மீட்சி வாரங்களில் நடக்கிறது. இரண்டையும் ஒரே தொகுப்பாகத் தீர்க்கும்போது சமன்பாடு விறைப்பாகிறது. பைதான் நூலகமான சைபையில் எல்சோடா, ராடாவ் போன்ற முறைகளையும், மருந்தியல் மாதிரிகளுக்கான மென்பொருளான நான்மெமில் அட்வான்13-ஐயும் தேர்ந்தெடுங்கள். சாதாரண ரூங்கே–குட்டா முறை இங்கே தேவையற்ற சிறு எட்டுகளில் மாட்டிக்கொள்ளும்.

பிழை வரம்புகளையும் அலகுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சைபையின் இயல்பான சார்புப் பிழை வரம்பு ஆயிரத்தில் ஒன்று. தனிப்பிழை வரம்பு பத்து லட்சத்தில் ஒன்று. மருந்துச் செறிவை மோலார் அலகில் எழுதினால் அதன் மதிப்பே அந்தத் தனிப்பிழை வரம்பைவிடச் சிறியதாக இருக்கலாம்; அப்போது எண்முறை மருந்தைப் பொருட்படுத்தாமலே கடந்துபோகும். செறிவை மைக்ரோமோலாரிலும் செல்களை லிட்டருக்கு 10⁹ என்ற அலகிலும் வைத்து, சார்பு வரம்பைப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கு இறக்குங்கள். பிறகு அதை இன்னும் நூறு மடங்கு இறுக்கி ஓட்டுங்கள். அடிமட்டத்தின் மதிப்பு மூன்றாம் இலக்கத்தில்கூட மாறவில்லையென்றால் எண்முறை நம்பத்தக்கது.

ஒரு மணி நேரச் சிரைவழி ஏற்றத்தை எண்முறை தாண்டிக் குதித்துவிடும் அபாயமும் உண்டு. முந்தைய தவணைக்குப் பிறகு எல்லாம் அமைதியாக இருப்பதால் எட்டு பல மணி நேரமாக நீண்டிருக்கும். அடுத்த ஏற்றம் அதற்குள் தொடங்கி முடிந்துவிடும். ஏற்றம் தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் கணக்கை நிறுத்தி, மீண்டும் தொடங்கச் செய்யுங்கள்.

ஆறாம் படி: அளபுரு மதிப்பீட்டின் உறுதியைச் சோதியுங்கள்

காமாவைப் பற்றிய செய்தி, தரவில் மீட்சிப் பகுதியில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை மட்டும் இரத்தம் எடுத்து, அடிமட்டத்துக்குப் பிறகு ஒரே ஒரு அளவீட்டோடு நிறுத்திய தரவில், காமாவும் மருந்தின் வலுவைக் குறிக்கும் குணகமும் (செறிவு கூடும்போது மருந்துவிளைவு எவ்வளவு கூடும் என்ற எண்) ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்; இரண்டு மிக வேறுபட்ட இணைகள் ஏறக்குறைய ஒரே வளைவைத் தரும். நான்காம் படியில் பார்த்த 6.25 என்ற அடுக்கை நினைத்தால், இந்த இரண்டு இணைகளும் தினசரி மருந்துக்கு எவ்வளவு முரண்பட்ட கணிப்புகளைத் தரும் என்பது விளங்கும். வெவ்வேறு தொடக்க மதிப்புகளிலிருந்து மதிப்பீட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, விடைகள் ஒரே இடத்தில் குவிகின்றனவா என்று பாருங்கள். அளபுருக்களின் உடன்தொடர்பு அணியில் மிகப் பெரிய ஐகன் மதிப்புக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள விகிதம் ஆயிரத்தைத் தாண்டினால், மாதிரி அந்தத் தரவுக்கு மிகையானது என்று பொதுவாகக் கொள்வார்கள். அப்போது காமாவை முந்தைய ஆய்வுகளின் மதிப்பில் நிலைநிறுத்துவது, அல்லது அதற்கு முன்பரவல் (முன்பே தெரிந்ததைச் சொல்லும் நிகழ்தகவுப் பரவல்) கொடுப்பது நேர்மையான வழி.

மதிப்பீடு குவியாமல் அலைந்தால், ஐந்தாம் படிக்குத் திரும்பிப் பாருங்கள். மதிப்பீட்டு முறைகள் சாய்வைக் காண அளபுருவை மிகச் சிறிதளவு அசைத்து வேறுபாட்டைக் கணக்கிடுகின்றன. எண்முறையின் பிழை அந்த வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், கிடைக்கும் சாய்வு வெறும் இரைச்சல்தான். தரவைக் குறை சொல்வதற்கு முன் இதை விலக்கிவிட வேண்டும்.

நோயாளிகளுக்கிடையேயான வேறுபாட்டைக் காமாவில் வைப்பவர்கள் மூன்றாம் படியின் எல்லையை இங்கே மறுபடியும் பயன்படுத்த வேண்டும். காமா மடக்கை இயல்நிலைப் பரவலில் இருப்பதாகவும், நடுமதிப்பு 0.16, மடக்கை அளவில் திட்டவிலக்கம் 0.5 எனவும் வைத்துக்கொள்ளுங்கள். 0.5685-ஐத் தாண்ட 2.5 திட்டவிலக்கம் போதும். ஆயிரம் கற்பனை நோயாளிகளை உருவாக்கினால் சுமார் ஆறு பேர் நிலையற்ற பகுதிக்குள் விழுவார்கள். அவர்களுடைய எண்ணிக்கை மருந்து நின்ற பிறகும் ஓயாமல் ஆடும். சராசரி வளைவில் இது தெரியாவிட்டாலும், ஆபத்து மிகுந்த நோயாளிகளைக் குறிக்கும் கீழ் ஐந்து விழுக்காட்டு எல்லையை இழுத்துச் சாய்க்கும். காமாவை 0-க்கும் 0.5685-க்கும் இடையில் அடைக்கும் லாஜிட் உருமாற்றம் இதைத் தடுக்கும். ஆனால் மதிப்பீடு தொடர்ந்து மேல்வரம்பில் போய் ஒட்டிக்கொண்டால், வரம்பைத் தளர்த்தாமல் மாதிரியின் அமைப்பைச் சந்தேகியுங்கள்: நோயாளிக்கு நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் போன்ற வளர்ச்சிக் காரணி கொடுக்கப்பட்டிருக்கலாம், அது தரும் வேகமான எழுச்சியை விளக்க வேறு வழியின்றி மாதிரி காமாவை உயர்த்திக்கொண்டிருக்கலாம்.

ஏழாம் படி: பல தவணைகளுக்கு ஓட்டிப் பாருங்கள்

ஒரு தவணைக்குச் சரியாக இருக்கும் மாதிரி ஆறு தவணைகளுக்குச் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. அடித்தள அளவிலிருந்து ஒன்றும், அதன் பாதியிலிருந்து ஒன்றுமாக இரண்டு தொடக்கங்களை எடுத்து, 21 நாள் இடைவெளியில் முப்பது தவணைகள் வரை ஓட்டுங்கள். முப்பது தவணை யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை என்றாலும் சோதனைக்கு அந்த நீளம் வேண்டும். இரண்டு வளைவுகளும் சில தவணைகளுக்குள் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிட்டால், மாதிரி தொடக்க நிலையை மறந்து ஒரே சுழற்சியில் அமைகிறது என்று பொருள். படியாமல் விலகியே இருந்தாலோ, அடிமட்டங்கள் ஒரு தவணை ஆழமாகவும் அடுத்தது மேலாகவும் மாறி மாறி வந்தாலோ, அந்த நோயாளியின் காமாவையும் தவணை இடைவெளியையும் குறித்துவைத்து, மூன்றாம் படியில் கண்ட இயல்பான அலைவுக் காலத்தோடு ஒப்பிடுங்கள்.

தட்டணுக்களுக்கும் இதே படிகள் அப்படியே பொருந்தும். அளபுருக்களின் மதிப்புகள் மட்டும் மாறும். சிவப்பணுக்களுக்குப் பொருந்தாது. அவை ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து, முதிர்ந்த பிறகே அழிகின்றன; கடைசிப் பெட்டியிலிருந்து வயது பாராமல் வெளியேற்றும் இந்த அமைப்பு அவற்றின் சரிவை மிக முன்னதாகவே காட்டிவிடும். அவற்றுக்கு ஆயுட்காலத்தை நேரடியாகத் தாமதமாக எழுதும் மாதிரியை எடுத்துக்கொண்டு, மூன்றாம் படியின் சிறப்பியல்புச் சமன்பாட்டைப் புதிதாக வருவிக்க வேண்டும்.